பிள்ளைகளின் கொப்பிக்கடையை மூடாதீர்கள்: எங்கள் கூட்டுறவுச் சங்கத்தின் இயக்குநர் சபைக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் சங்கத்தின் தலைவர் அவர்களுக்கும் இயக்குநர் சபை உறுப்பினர்களுக்கும்,

சங்கத்தின் பெயரை இந்த மடலில் நான் எழுதவில்லை. உங்களை ஊருக்கு முன்னால் நிறுத்துவது என் நோக்கமல்ல. நீங்கள் எடுத்த முடிவை நாளை கொழும்பில் இன்னொரு சங்கமும் எடுக்கலாம், அப்போதும் யாரும் கேட்கமாட்டார்கள் என்பதால்தான் பகிரங்கமாக எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தில் மூன்று விடயங்கள் இருந்தன. கிளைக்கடையின் மேல்மாடி அறை இனிச் சனிக்கிழமைகளில் சிறுவர் கழகத்துக்கு இல்லை, அது தனியார் டியூஷன் வகுப்பொன்றுக்கு வாடகைக்குக் கொடுக்கப்படுகிறது. கழகப் பிள்ளைகள் நடத்திவரும் கொப்பிக்கடையை இந்தத் தவணை முடிவதற்குள் மூடிவிட வேண்டும், ஏனென்றால் 18 வயதாகாதவர்கள் சங்கக் கட்டடத்தில் வியாபாரம் செய்வது பொருத்தமில்லை. இவற்றுக்குப் பதிலாக, ஜூலை முதல் சனிக்கிழமை, சர்வதேசக் கூட்டுறவு தினத்தன்று, ‘இளம் தொழில்முனைவோர் போட்டி’ ஒன்று நடத்தப்படும். ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனி மேசை போட்டு ஏதாவது விற்கலாம். ஆகக்கூடிய இலாபம் எடுக்கும் பிள்ளைக்கு டெப் (டேப்லட் கணினி) ஒன்று பரிசு.

நான் பதில் எழுதினேன். நேரிலும் வந்து கேட்டேன். “சபை தீர்மானிச்சிட்டுது” என்ற ஒரு வரியைத் தவிர வேறெதுவும் கிடைக்கவில்லை. சபை எப்போது கூடியது, யார் பேசினார்கள், பிள்ளைகளிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா என்று எனக்குத் தெரியாது. இந்தச் சங்கத்தின் அங்கத்தவர் என்ற முறையிலும், அந்தப் பிள்ளைகளோடு சனிக்கிழமைகளைக் கழிப்பவர் என்ற முறையிலும் இதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

மேல்மாடியில் என்ன நடக்கிறது என்று பார்க்க உங்களில் பலர் வந்ததில்லை. அதனால் சொல்கிறேன்.

2022இல் கொப்பி விலை கிடுகிடுவென ஏறியது உங்களுக்கு நினைவிருக்கும். எரிவாயுவுக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்ற அதே மாதங்களில், பிள்ளைகள் பழைய கொப்பிகளில் எழுதாமல் விட்ட தாள்களைக் கிழித்துச் சேர்த்துத் தைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனார்கள். அதுவரை எங்கள் கழகத்தில் பாட்டும் விளையாட்டும் வருடத்துக்கு ஒரு சுற்றுலாவும்தான் இருந்தன. புறக்கோட்டை மலிபன் வீதியில் டசின் கணக்கில் வாங்கினால் விலை குறையும் என்று யாரோ ஒரு பிள்ளை சொல்ல, ‘நாங்க சேர்ந்து வாங்கினா என்ன?’ என்ற கேள்வி வந்தது. அப்படித்தான் தொடங்கியது. ஆளுக்கு நூறு ரூபாய் பங்கு. ஒரே தடவையில் கொடுக்க முடியாதவர்கள் பத்துப் பத்து ரூபாயாகக் கட்டலாம். ஒருவர் ஐந்து பங்குக்கு மேல் வைத்திருக்க முடியாது. தெருக்கடையை விடத் தடித்த அட்டை போட்ட சீ.ஆர். கொப்பிக்கு 40, 50 ரூபாய் குறைத்து விற்றும் தவணை முடிவில் கையில் கொஞ்சம் மிஞ்சியது.

கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டி, மட்டக்குளிப் பக்கமிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். தமிழ்ப் பிள்ளைகள், முஸ்லிம் பிள்ளைகள், சிங்களப் பிள்ளைகள் எல்லோரும் இருக்கிறார்கள். கூட்டறிக்கை ஒரு வாரம் தமிழில், அடுத்த வாரம் சிங்களத்தில். வாசிக்கும்போது மற்ற மொழிக்காரருக்குப் பக்கத்திலிருப்பவர் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது அவர்களே போட்ட விதி. இந்த நகரத்தில் பிள்ளைகள் மொழிவாரியாகப் பிரிந்துதான் படிக்கிறார்கள், வளர்கிறார்கள். ஒரே கணக்குப் புத்தகத்தின் மேல் மூன்று வீட்டுப் பிள்ளைகள் குனிந்து நிற்கும் இடம் கொழும்பில் எத்தனை இருக்கிறது என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ஒரு பொதுக்கூட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஐந்து பங்கு வைத்திருந்த ஒரு பையன் எழும்பி, ஒரு பங்கு வைத்தவருக்கும் தனக்கும் ஒரே வாக்கு என்பது நியாயமில்லை, பங்குக்கு ஒரு வாக்கு வேண்டும் என்றான். கெட்டிக்காரப் பையன், நன்றாகத்தான் வாதாடினான். தன் காசுதானே கூடப் போகிறது, நட்டம் வந்தால் தனக்குத்தானே கூட நட்டம்? சில பிள்ளைகள் தலையாட்டினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. தரம் ஏழில் படிக்கும் ஒரு பிள்ளை, அதற்கு முன் எந்தக் கூட்டத்திலும் பேசாதவள், இருந்த இடத்திலிருந்தே கேட்டாள்: “அப்போ காசில்லாதவங்க பேசவே ஏலாதா? நீ கூட வாங்கினா உனக்குக் கூடக் கழிவு வருந்தானே. வாக்கு எதுக்கு?” அவன் பதில் தேடினான், கிடைக்கவில்லை. வாக்கெடுப்பு நடந்தது. ஆளுக்கு ஒரு வாக்கு என்பதே நிலைத்தது. அவன் கோபித்துக்கொண்டு போகவில்லை. அடுத்த சனிக்கிழமை வந்து கையிருப்பு எண்ணினான்.

ஒருவருக்கு ஒரு வாக்கு, இலாபம் பங்கின் அளவுக்கல்ல, வாங்கிய அளவுக்கு ஏற்பக் கழிவாகத் திரும்பிப் போகும் என்ற இரண்டும்தான் கூட்டுறவைக் கம்பனியிலிருந்து பிரிக்கின்றன. சாதாரண தரத்து வணிகப் பாடத்தில் தனிவியாபாரம், பங்குடைமை, கம்பனி என்பவற்றுக்குப் பக்கத்தில் கூட்டுறவுச் சங்கமும் வருகிறது. பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள், பரீட்சையில் எழுதுகிறார்கள், மறந்துபோகிறார்கள். அந்தப் பிள்ளை மறக்கமாட்டாள். அவள் அதைப் படிக்கவில்லை, வாதாடி வென்றாள்.

இன்னொரு சம்பவத்தையும் எழுதத்தான் வேண்டும், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் ‘பணம் கையாள்வதில் பிள்ளைகளுக்குப் பக்குவம் போதாது’ என்றிருந்தது.

ஒரு மாதக் கடைசியில் பெட்டியில் 460 ரூபாய் குறைந்தது. ஐந்து நிமிடத்துக்குள் எல்லோருடைய கண்ணும் ஒரு பையனின் பக்கம் திரும்பியது. அவனுடைய வீட்டு நிலைமை எல்லோருக்கும் தெரியும். யாரும் பெயர் சொல்லவில்லை, ஆனால் அவனுக்கு விளங்கிவிட்டது. முகம் இருண்டுபோனது. அப்போது பொருளாளராக இருந்த பிள்ளை, “சாமானையும் எண்ணுவோம்” என்றாள். காசை மட்டும் எண்ணினால் களவு, சாமானையும் எண்ணினால்தான் கணக்கு. கட்டுக்கட்டாக எடுத்து, எழுதி, கூட்டிப் பார்த்தார்கள். இரண்டு கொப்பி குறைந்தது. பரீட்சைக்கு முதல் நாள் இன்னொரு பிள்ளை தன் சிநேகிதிக்குக் கடனாகக் கொடுத்துவிட்டு எழுத மறந்திருந்தாள். அவளே எழும்பிச் சொன்னாள். அழுதாள். சந்தேகத்துக்குள்ளான பையனிடம் பொருளாளர் எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டாள். அவள்தான் சந்தேகப்படாத ஒரே ஆள், ஆனாலும் பொறுப்பிலிருப்பவள் தான் என்பதால் கேட்டாள்.

அப்புறம் முக்கால் மணி நேரம் ஒரே விவாதம். கடன் கொடுப்பதா, வேண்டாமா? 1844 டிசம்பர் 21ஆம் திகதி இங்கிலாந்தின் ரொச்டேல் நகரில், டோட் லேன் என்ற தெருவில், 28 தொழிலாளர்கள் ஆளுக்கு ஒரு பவுண் போட்டுத் திறந்த, இன்றைய கூட்டுறவு இயக்கத்துக்கு முன்னோடியான கடையிலும் இதே கேள்வி இருந்தது. வெண்ணெய், சீனி, மா, ஓட்ஸ் மா, மெழுகுதிரி என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சாமான்களோடு தொடங்கியவர்கள் அவர்கள். கடன் இல்லை, கைக்காசுக்கே விற்பனை என்று உறுதியாக இருந்தார்கள், ஏனென்றால் கடனில் மூழ்கிய முன்னைய கடைகளை அவர்கள் பார்த்திருந்தார்கள். எங்கள் பிள்ளைகள் வேறு முடிவுக்கு வந்தார்கள். பரீட்சைக் காலத்தில் மட்டும், ஒருவருக்கு ஒரு கொப்பி, நிருவாகக் குழுவில் இருவரின் கையெழுத்தோடு கடன் கொடுக்கலாம். அதற்கென்று தனியாக ஒரு கொப்பி போட்டார்கள். இன்றுவரை அதில் வராக்கடன் என்று ஒன்றில்லை. பக்குவம் போதாது என்றா சொல்கிறீர்கள்? இந்த அளவு பக்குவம் எங்களுடைய எத்தனை கிளைக் குழுக்களில் இருக்கிறது?

இது ஏன் கொழும்பு வடக்கின் பிள்ளைகளுக்கு இத்தனை அவசியம் என்பதையும் சொல்ல வேண்டும். ‘தோட்டம்’ என்று சொல்லப்படும் இந்த நெருக்கமான குடியிருப்புகளில் பிள்ளைகள் கடனைப் பார்த்துக்கொண்டுதான் வளர்கிறார்கள். கிழமைக் கடன்காரர் வாசலில் வந்து நிற்கும்போது அம்மா பின்கதவால் போவதை அவர்களுக்கு யாரும் விளங்கப்படுத்த வேண்டியதில்லை. நுண்கடன் கம்பனிகள் பெண்களைக் குழுவாகச் சேர்க்கின்றன, ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் பொறுப்பு. ஒரு பெண் கட்டத் தவறிய கிழமையில் பக்கத்து வீட்டுக்காரரோடு பேச்சு நின்றுபோகிறது. ‘சேர்ந்து’ செய்வது என்றால் ஒருவருடைய கடனுக்கு இன்னொருவர் மாட்டிக்கொள்வது என்றுதான் இந்தப் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். சேர்ந்து சேமிக்கலாம், சேர்ந்து வாங்கலாம், மிஞ்சியதைச் சேர்ந்து முடிவெடுத்துப் பிரிக்கலாம் என்பதை அவர்கள் முதன்முதலாகக் கண்ணால் கண்ட இடம் உங்கள் மேல்மாடி அறை. பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொன்னதைக் கேட்டு, எங்கள் சங்கத்தில் பங்கு எடுப்பது எப்படி என்று விசாரித்து வந்த தாய்மார் இருக்கிறார்கள். அவர்களை அலுவலகத்துக்கு அனுப்பி வைத்தது நான்தான்.

அங்கத்தவர்களைப் பற்றிய பேச்சு வந்ததால் கேட்கிறேன். சென்ற வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தீர்களா? நரைத்த தலைகள்தான். என்னையும் சேர்த்து. பாதிப்பேர் பங்கீட்டுக் கூப்பன் காலத்தில் சேர்ந்தவர்கள், அல்லது அவர்களுடைய பிள்ளைகள். போர்க்காலத்தில், 1942இல் பர்மாவிலிருந்து அரிசி வருவது நின்றபோது, பங்கீட்டுச் சாமான்களை ஊர் ஊராகக் கொண்டுபோகக் கூட்டுறவுக் கடைகள் நாடெங்கும் பெருகின. 1957இல் அமைச்சர் பிலிப் குணவர்தனவின் காலத்தில் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன. என் அம்மாவின் தலைமுறைக்குச் சங்கக்கடை என்பது சீவியம். அரிசி, சீனி, சீத்தைத் துணி என்று எல்லாமே அங்கேதான். அந்தத் தலைமுறை ஒரு தேவைக்காகச் சங்கத்துக்கு வந்தது. இன்றைய பிள்ளைகளுக்குத் தெருமுனையில் சுப்பர்மார்க்கட் இருக்கிறது, கையில் போன் இருக்கிறது. அவர்கள் சங்கத்துக்கு வர எந்தக் காரணமும் இல்லை, நாங்கள் காரணம் காட்டினாலொழிய. கழகத்துக்கு வருமுன் எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோர் சதொசவும் சங்கக்கடையும் ஒன்றென்றுதான் நினைத்திருந்தார்கள். ஒன்று அரசாங்கத்துடையது, மற்றது தங்கள் வீட்டுக்காரருடையதாகவே இருக்கலாம் என்பது அவர்களுக்குப் புதிய செய்தி.

சட்டத்துக்கு வருகிறேன். பிள்ளைகளைச் சங்கத்தின் அங்கத்தவர்களாக்குங்கள் என்று நான் ஒருபோதும் கேட்டதில்லை. ஆனால் பிள்ளைகள் கூட்டுறவு நடத்துவது உலகத்தில் இல்லாத புதுமை என்பதுபோல் உங்கள் கடிதம் பேசுகிறது. எங்கள் நாட்டிலேயே பாடசாலைக் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன, மாணவர்கள் பங்கு வாங்குகிறார்கள். மலேசியாவில் 1960களின் கடைசியில் தொடங்கிய பாடசாலைக் கூட்டுறவுகள் இன்று நாடெங்கும் நடக்கின்றன. பிரான்சில் முதலாம் உலகப் போருக்குப் பிறகு, கொப்பி புத்தகம் வாங்க வழியில்லாத பாடசாலைகளில் பிள்ளைகளே சிறு கூட்டுறவுகளை அமைத்து வேண்டியதை வாங்கினார்கள். 1928இல் அவற்றுக்கென்று ஒரு தேசிய அமைப்பே உருவானது, அது இன்றும் இயங்குகிறது.

பிலிப்பைன்ஸின் ஏற்பாடுதான் எங்கள் நிலைமைக்கு ஆகப் பொருத்தம். அங்கே 18 வயதாகாத பிள்ளைகள் தங்களுடைய சொந்தக் கூட்டுறவை நடத்தலாம். முக்கிய நிபந்தனை, பதிவுபெற்ற பெரியவர்களின் கூட்டுறவுச் சங்கம் ஒன்று அதற்குக் காப்பாளராக நிற்க வேண்டும். பிள்ளைகள் கூட்டம் நடத்துவார்கள், முடிவெடுப்பார்கள், கணக்கு எழுதுவார்கள். காப்பாளர் சங்கம் மேற்பார்வை பார்க்கும், பழக்கும். வயது வந்ததும் பிள்ளைகள் பெரிய சங்கத்துக்குப் போகலாம். நான் கேட்பதும் இதுதான். எங்கள் சங்கம் காப்பாளராக நிற்க வேண்டும். கூட்டுறவு விடயம் மாகாணசபைக்குரியது என்பதால் மாகாணக் கூட்டுறவு அபிவிருத்தித் திணைக்களத்திடம் போய், இதற்கு எங்கள் சட்டத்தில் எந்த வழி பொருந்தும் என்று கேட்கலாம். சங்கம் கேட்டால் திணைக்களம் பதில் சொல்லும். நான் தனியாகப் போய்க் கேட்டால் யார் பொருட்படுத்துவார்கள்?

பிள்ளைகளின் கழகத்துக்குத் துணை நிற்பது ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் வேலையா என்றும் உங்களில் ஒருவர் கேட்டதாக அறிந்தேன். 1925இல் இங்கிலாந்தில் வுட்கிராஃப்ட் ஃபோக் என்ற சிறுவர் இயக்கம் தொடங்கியபோது அதற்குக் கைகொடுத்தது தென்கிழக்கு லண்டனிலிருந்த ராயல் ஆர்சனல் கூட்டுறவுச் சங்கம், ஒரு கடைச் சங்கம். ரொச்டேல்காரர்கள் தங்கள் மேலதிகத்திலிருந்து, அதாவது செலவு போக மிஞ்சியதிலிருந்து, நூற்றுக்கு இரண்டரை வீதத்தைக் கல்விக்கென்று ஒதுக்கி, கடைக்கு மேலேயே வாசிகசாலை வைத்தவர்கள். 1995இல் மான்செஸ்டரில் சர்வதேசக் கூட்டுறவு ஒன்றியம் ஏற்றுக்கொண்ட ஏழு கொள்கைகளில் ஐந்தாவது கல்வி, பயிற்சி, தகவல் பற்றியது. கூட்டுறவின் தன்மையையும் பயனையும் பொதுமக்களுக்கு, குறிப்பாக இளையோருக்கு, எடுத்துச்சொல்வது கூட்டுறவுகளின் கடமை என்று அது சொல்கிறது. அந்த ஏழு கொள்கைகளும் எங்கள் அலுவலகச் சுவரில் சட்டம் போட்டுத் தொங்குகின்றன. 2025ஐக் கூட்டுறவு ஆண்டாக ஐக்கிய நாடுகள் அறிவித்தபோது, 2012க்குப் பிறகு இரண்டாவது தடவையாக அந்தக் கௌரவம் கிடைத்தபோது, எங்களுடைய மேடைகளிலும் அது பேசப்பட்டது. பேசியதைச் செய்யுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

போட்டியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. தொழில்முனைவு கெட்டதென்று நான் சொல்லவில்லை. யாராவது வர்த்தகச் சங்கமோ வங்கியோ அந்தப் போட்டியை நடத்தினால் எங்கள் பிள்ளைகளையும் நானே கூட்டிக்கொண்டு போவேன். ஆனால் கூட்டுறவு தினத்தன்று, கூட்டுறவுச் சங்கத்தின் முற்றத்தில், சங்கத்தின் காசில், பிள்ளைகளை ஆளுக்கொரு மேசையில் நிறுத்தி, பக்கத்து மேசைக்காரனை விட யார் கூட இலாபம் எடுக்கிறார் என்று பார்ப்பது எதைச் சொல்லிக்கொடுக்கும்? வென்றவரின் அப்பாவிடம் கூடுதலான முதல் இருந்திருக்கும், அல்லது சொந்தக்காரர் கூடுதலாக வாங்கியிருப்பார்கள். பிள்ளைகளுக்கு அது நன்றாகவே விளங்கும். ஒரு பிள்ளை டெப்போடு போகும், மற்றவர்கள் விற்காமல் மிஞ்சிய சாமானோடு போவார்கள். அந்த ஒரு நாளுக்குச் சங்கம் செலவழிக்கத் தயாராக இருக்கும் பணத்தில் எங்கள் கொப்பிக்கடை வருடக்கணக்கில் நடக்கும்.

போட்டியின் விதிகளைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். ‘நாங்க எல்லாரும் ஒரே மேசை போடலாமா?’ என்று கேட்டார்கள். உங்கள் அலுவலகத்தில் கேட்டேன். முடியாதாம். தனித்தனியாகத்தான் பதிய வேண்டுமாம்.

வாடகைப் பிரச்சினை உண்மையானது. அதை நான் குறைத்துப் பேசவில்லை. மின்கட்டணம் ஏறியிருக்கிறது, கிளைக்கடையின் விற்பனை எப்படியிருக்கிறது என்று ஆண்டறிக்கையில் பார்த்தேன். மேல்மாடியால் மாதாமாதம் ஒரு தொகை வந்தால் சங்கத்துக்கு உதவிதான். ஆனால் டியூஷன் வகுப்பு சனிக்கிழமை காலை எட்டிலிருந்து ஒன்று வரைதான் என்று அந்த ஆசிரியரே என்னிடம் சொன்னார். எங்களுக்குப் பின்னேரம் மூன்றிலிருந்து ஐந்து வரை போதும். பிள்ளைகளில் பலருக்குக் காலையில் வகுப்பு இருப்பதால் அதுதான் வசதியும்கூட. கொப்பி வைக்க ஒரு இரும்பு அலுமாரி, பூட்டோடு. அவ்வளவுதான் இடம். பூட்டை நாங்கள் வாங்குவோம். அறையைக் கூட்டித் துடைத்துவிட்டுப் போவோம், இப்போதும் அப்படித்தான் செய்கிறோம்.

பாதுகாப்பைப் பற்றிய உங்கள் கவலையும் சரி. கணக்கை யார் பார்ப்பது, ஏதாவது நடந்தால் யார் பொறுப்பு என்று கேட்டீர்கள். சங்கத்திலிருந்து ஒருவர் மாதத்துக்கு ஒரு தடவை வந்து கணக்கைப் பாருங்கள் என்று ஆரம்பத்திலிருந்தே அழைக்கிறோம். கூட்டுறவுப் பரிசோதகர் வந்து பார்க்கட்டும். பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல பாடம் கிடைக்காது. தாங்கள் எழுதிய கணக்கை வெளியாள் ஒருவர் பேனையால் சரி போட்டுக்கொண்டு போவதைப் பார்க்க அவர்களுக்கு எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியும்.

ஆகவே சபையிடம் நான் கேட்பவை இவை.

கொப்பிக்கடையை மூடும்படி சொன்ன தீர்மானத்தை உடனடியாக நிறுத்தி வையுங்கள். அடுத்த தவணைக்கான கொப்பிகளுக்குப் பிள்ளைகள் ஏற்கெனவே பணம் கட்டத் தொடங்கிவிட்டார்கள், அவர்களுக்கு நான் ஒரு பதில் சொல்ல வேண்டும். மேல்மாடி அறையைச் சனிக்கிழமை பின்னேரங்களில் கழகத்துக்கு ஒதுக்கி, அதை வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். எழுத்தில் இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் திரும்பவும் இதே கதைதான்.

பிள்ளைகளின் கூட்டுறவுக்குச் சங்கம் காப்பாளராக நிற்கும் என்று சபை தீர்மானம் நிறைவேற்றி, அதை எந்த வகையில் முறைப்படுத்தலாம் என்று மாகாணத் திணைக்களத்திடம் எழுத்தில் கேளுங்கள். கடிதத்தின் பிரதி ஒன்றைக் கழகத்துக்கும் தாருங்கள். சபை உறுப்பினர் ஒருவரைக் கழகத்துக்குப் பொறுப்பாக நியமியுங்கள். வந்து பார்க்கக்கூடிய ஆளாக இருக்க வேண்டும், பெயருக்கு வேண்டாம்.

சங்கத்தின் ஆண்டு மேலதிகத்தில் நூற்றுக்கு இரண்டரை வீதத்தை இளையோர் கல்விக்கு ஒதுக்கும் பிரேரணையை அடுத்த வருடாந்தப் பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் சேருங்கள். பிரேரிக்க நான் தயார், ஆமோதிக்க அங்கத்தவர்கள் பலர் இருக்கிறார்கள். மேலதிகம் இல்லாத வருடத்தில் எதுவும் கேட்கமாட்டோம்.

ஜூலை முதல் சனிக்கிழமையை விற்பனைப் போட்டியாக நடத்தாதீர்கள். டெப்புக்கு ஒதுக்கிய பணத்தைத் தொகையாக வைத்து, கொழும்பிலுள்ள பாடசாலைக் கூட்டுறவுகளையும் சிறுவர் கழகங்களையும் அழையுங்கள். ஒவ்வொரு குழுவும் தான் என்ன நடத்துகிறது, மிஞ்சியதை எப்படிப் பிரித்தது என்று சொல்லட்டும். அந்தத் தொகையை என்ன செய்வது என்று பிள்ளைகளே, ஆளுக்கு ஒரு வாக்குப் போட்டு முடிவெடுக்கட்டும்.

இவற்றில் எதையாவது செய்ய முடியாதென்றால், ஏன் முடியாது என்று எழுத்தில், தமிழிலும் சிங்களத்திலும், தவணை விடுமுறைக்கு முன் தாருங்கள். அதை நான் வாசித்துக் காட்ட வேண்டியது அந்தப் பிள்ளைகளுக்கு. அவர்களுடைய தலைவியும் செயலாளரும் பொருளாளரும் சபையை நேரில் சந்தித்துப் பேச அரை மணி நேரம் கேட்டு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார்கள். அவர்களே எழுதியது, நான் ஒரு எழுத்தும் திருத்தவில்லை. இந்த மடலோடு அதையும் உங்கள் அலுவலகத்தில் கொடுக்கிறேன். திகதியும் நேரமும் குறித்து அவர்களுக்கு நேரடியாகப் பதில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
சங்கத்தின் அங்கத்தவர் ஒருவர், சிறுவர் கழகப் பொறுப்பாளர்
கொழும்பு